உடலினுள் புகும் பிளாஸ்டிக் இரசாயனங்கள்: அளந்தறிவது எவ்வாறு?

பிளாஸ்டிக் பொருள்கள் இல்லாத இல்லத்தை இன்று காண்பது அரிது. நீர் பிடித்து வைக்கும் வாளி முதல் குழந்தைக்குப் பாலூட்டும் போத்தல் வரை, வெட்டுக்காட்டுக்குக் கொண்டு செல்லும் தேநீர்ப் போத்தல் முதல் சந்தையில் மீன் கட்டித் தரும் பை வரை, யாவும் பிளாஸ்டிக் மயமாகிவிட்டன. விலை மலிவு, கனம் குறைவு, எளிதில் உடைவதுமில்லை. எனவே, மக்கள் அதனை விரும்பி ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

ஆயினும், அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்களிலும் வானொலியிலும் வேறு வகையான செய்திகள் வந்த வண்ணம் உள்ளன. மனிதரின் சிறுநீரில் பிளாஸ்டிக் இரசாயனம் காணப்பட்டது என்றும், கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடியிலும் அது இருந்தது என்றும் கேள்விப்படுகிறோம். அச்செய்திகளைக் கேட்டு அஞ்சுவோர் உளர். நகைத்து ஒதுக்குவோரும் உளர். ஒன்றை அஞ்சுவதற்கும் ஒதுக்குவதற்கும் முன்னர், அது எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேட்டறிவதே அறிவுடைமையாகும்.

அளவையின் அருமையைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாலை ஸ்டோருக்குக் கொண்டு சென்றதும், வாளியின் நிறைவைக் கண்ணால் பார்த்து எவரும் கணக்கு எழுதுவதில்லை. பாலை நிறுத்து, அதில் சிறிது எடுத்து, மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, உண்மையான ரப்பர் எவ்வளவு உள்ளது எனக் கணக்கிடுகிறார்கள். பாலில் மழைநீர் கலந்திருந்தாலும், அளக்கும் பாத்திரம் சரியாகக் கழுவப்படாதிருந்தாலும் கணக்குப் பிழைபடும். கணக்குப் பிழைபட்டால் கூலியும் பிழைபடும். மனித உடலில் உள்ள பிளாஸ்டிக் இரசாயனங்களை அளக்கும் அறிவியலாரும் இதே சிக்கலைத்தான் எதிர்நோக்கினர். அதனை அவர்கள் எவ்வாறு தீர்த்தனர், அந்த அளவைகள் நமக்கு உணர்த்துவன யாவை என்பதனை இக்கட்டுரையில் காண்போம்.

ரப்பரின் மென்மையும் பிளாஸ்டிக்கின் மென்மையும்

நாம் வெட்டும் ரப்பர் இயற்கையிலேயே நெகிழும் தன்மை உடையது. அதனை வளைப்பதற்கு வேறு எண்ணெய் எதனையும் கலக்க வேண்டியதில்லை. பிவிசி எனப்படும் பிளாஸ்டிக்கோ இயற்கையில் கடினமானது. வீடுகளில் பொருத்தப்படும் தண்ணீர்க் குழாய் பிவிசியால் ஆனது. அதன் விறைப்பை யாவரும் அறிவர். அதே பிவிசி, மழைச்சட்டையாகவும் மேசை விரிப்பாகவும் மருத்துவமனை ரத்தப் பையாகவும் மென்மையுடன் காணப்படுவதன் காரணம் யாது? அதனுடன் மிருதுவாக்கி ஒன்று கலக்கப்படுகிறது. அவ்வாறு பெரிதும் பயன்பட்டு வந்தவை தாலேட் எனப்படும் எண்ணெய் போன்ற இரசாயனங்களாகும். ரத்தப் பையின் எடையில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு வரை இந்த மிருதுவாக்கி இருப்பதுண்டு.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. தாலேட் பிளாஸ்டிக்குடன் இரசாயன முறையில் பிணைக்கப்படவில்லை. பஞ்சில் ஊறிய எண்ணெயைப் போல் அதன் இடைவெளிகளில் தங்கியிருக்கிறது. ஆகவே, சூடு பட்டாலும், எண்ணெய்ப் பசையுள்ள உணவு பட்டாலும் அது சிறிது சிறிதாக வெளியேறும். இக்காரணம் பற்றியே, 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு, இத்தகைய தாலேட் ஒன்று கலந்த பிவிசி கையுறைகளை உணவு தயாரிக்கும் இடங்களில் பயன்படுத்தலாகாது என அறிவுறுத்தியது.

இரண்டாவதாகக் குறிப்பிட வேண்டியது பிஸ்பினால் ஏ என்னும் இரசாயனம். கண்ணாடி போல் தெளிவும் உறுதியும் கொண்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் இதிலிருந்தே செய்யப்படுகிறது. கடைகளிலும் அலுவலகங்களிலும் கவிழ்த்து வைக்கப்படும் பெரிய குடிநீர்க் கலன்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. சார்டின் மீன் முதலியவை அடைக்கப்படும் டின்களின் உட்புறம் துருப்பிடிக்காதிருக்கப் பூசப்பட்டு வந்த மெல்லிய பூச்சிலும் இது நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது.

சிறிய அளவு, பெரிய வேலை

நமது உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் பல உள்ளன. மூளையின் அடியில் பிட்யூட்டரி, கழுத்தில் தைராய்டு, வயிற்றுப் பகுதியில் கணையம், பெண்களுக்குக் கருவகம், ஆண்களுக்கு விரை ஆகியவை அவற்றுள் சில. அவை சுரக்கும் ஹார்மோன் என்னும் நீர்மங்கள் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் செய்தி கொண்டு செல்கின்றன. குழந்தை வளர்வதும், பருவம் எய்துவதும், கரு தரிப்பதும், சர்க்கரை அளவு சீராக இருப்பதும் இச்செய்திகளின் விளைவே.

பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போன்று, ஒவ்வொரு ஹார்மோனும் தனக்குரிய இடத்தில் பொருந்தி வேலை செய்கிறது. வேறொரு பொருள் அத்திறவுகோலின் வடிவை ஓரளவு ஒத்திருந்தால், அது பூட்டினுள் நுழைந்து வேண்டாத வேளையில் கதவைத் திறக்கவும் கூடும்; உண்மைத் திறவுகோல் நுழைய முடியாதவாறு அடைத்துக்கொள்ளவும் கூடும். இவ்வாறு குறுக்கிடும் பொருள்களை ஹார்மோன் குலைப்பிகள் என அழைக்கிறோம். 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் தியோ கோல்போர்ன் என்னும் அம்மையார் கூட்டிய அறிவியலார் மாநாட்டிலேயே இதன் ஆங்கிலப் பெயர் வழக்கிற்கு வந்தது.

பிஸ்பினால் ஏ பெண்மை ஹார்மோனைப் போல் செயல்படும் என்பது பழைய செய்தியே. இங்கிலாந்து நாட்டு அறிவியலார் சார்ல்ஸ் டாட்ஸ் 1936ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டறிந்தார். அதன்பின் 1953ஆம் ஆண்டில் பாலிகார்பனேட் கண்டுபிடிக்கப்பட்டு, அதே பொருள் பிளாஸ்டிக்கிற்கு மூலப்பொருளாயிற்று. உணவுடன் அது உடலினுள் புகும் என்பதனை அக்காலத்தில் பெரும்பாலோர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஹார்மோன்கள் மிக மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்பவை. எனவே, அவற்றைக் குலைக்கும் பொருள்களையும் மிகச் சிறிய அளவிலேயே தேட வேண்டியுள்ளது. குறிப்பாக, தாயின் வயிற்றில் உள்ள கருவின் உறுப்புகள் ஹார்மோன்களின் கட்டளைப்படியே உருவாகின்றன. வளர்ந்தவரின் உடலில் வந்து போகும் ஒரு குறுக்கீடு, உருவாகிக்கொண்டிருக்கும் கருவில் நிலையான மாற்றத்தை விளைவிக்கலாம். தாய்மார்களின் உடலில் இவற்றை அளப்பதில் அறிவியலார் பெரிதும் நாட்டம் கொள்வது இதனாலேயே.

ஆய்வுக்கூடமே வழிகாட்டிய கதை

பிளாஸ்டிக்கிலிருந்து இரசாயனம் கசிகிறது என்பது பல வேளைகளில் தற்செயலாகவே தெரிய வந்தது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ருடால்ப் ஜேகர், ராபர்ட் ரூபின் ஆகியோர், பிளாஸ்டிக் பைகளில் சேமிக்கப்பட்ட ரத்தத்தில் தாலேட் கலந்திருப்பதை 1970ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். ரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் உடல் திசுக்களிலும் அது தங்கியிருப்பதை அவர்கள் கண்டனர். பிளாஸ்டிக் இரசாயனத்தை மனிதத் திசுவில் அளந்து காட்டிய முன்னோடி ஆய்வுகளுள் இது ஒன்றாகும்.

பாஸ்டன் நகரில் டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் ஆகிய இருவரும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை ஆராய்ந்து வந்தனர். பெண்மை ஹார்மோன் சேர்த்தால்தான் அச்செல்கள் பெருக வேண்டும். ஆனால், ஒரு காலத்தில் ஹார்மோன் சேர்க்காமலேயே அவை பெருகத் தொடங்கின. காரணத்தைத் தேடிச் சென்றபோது, ஆய்வுக்குப் பயன்பட்ட பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து நோனைல்பினால் என்னும் பொருள் கசிந்திருப்பது புலப்பட்டது. அம்முடிவை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1993ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினரும் இது போன்ற ஒன்றைக் கண்டனர். நுண்ணுயிர் ஒன்று பெண்மை ஹார்மோனைச் சுரக்கிறதோ என அவர்கள் ஆராய்ந்து வந்தனர்; முடிவில் அது நுண்ணுயிரின் வேலையன்று, பாலிகார்பனேட் குடுவைகளை நீராவியில் சூடேற்றியபோது கசிந்த பிஸ்பினால் ஏ என்று தெரிந்தது.

இந்நிகழ்ச்சிகள் இரு உண்மைகளை உணர்த்தின. ஒன்று, பிளாஸ்டிக் கசிகிறது. மற்றொன்று, அளக்கும் பாத்திரமே கசிந்தால் அளவையை எவ்வாறு நம்புவது? பாலை நிறுக்கும் வாளியிலேயே முன்னர் வந்த பால் மீந்திருந்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

ஐந்து லாரிகளில் ஒரு துளி

இங்குப் பேசப்படும் அளவு எத்துணைச் சிறியது என்பதனை முதலில் மனத்திற் கொள்வோம். மனிதச் சிறுநீரில் பிஸ்பினால் ஏ பொதுவாக ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில் காணப்படுகிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதாவது, நூறு கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு. பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி லாரிகள் ஐந்தினை வரிசையாக நிறுத்தி, நீரால் நிரப்பி, அவை அனைத்திலும் சேர்த்து ஒரே ஒரு துளி ரப்பர்ப் பாலைக் கலந்தால் என்ன விகிதமோ, ஏறக்குறைய அந்த விகிதம். கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது.

இதனை அளப்பதற்கு ஆய்வுக்கூடங்கள் மூன்று படிகளைக் கடைப்பிடிக்கின்றன. முதற்படியில் சிறுநீரிலோ ரத்தத்திலோ உள்ள உப்பு, புரதம் முதலிய மற்றப் பொருள்கள் நீக்கப்படுகின்றன. இரண்டாம் படியில், எஞ்சிய கலவை மெல்லிய குழாய் ஒன்றினூடே செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு பொருளும் தன் இயல்புக்கேற்ப விரைந்தோ மெதுவாகவோ சென்று தனித்தனியே வெளிப்படுகிறது. மூன்றாம் படியில், நிறை நிறமாலைமானி என்னும் கருவி அப்பொருள்களின் மூலக்கூறுகளை எடை வாரியாகப் பிரித்தறிந்து எண்ணிக் காட்டுகிறது.

கருவி எத்துணை நுட்பமானதாக இருப்பினும், முதலிரு படிகளில் சிறிது பொருள் இழக்கப்படுவது இயல்பு. அந்த இழப்பை ஈடு செய்ய அறிவியலார் ஓர் அருமையான வழியைக் கையாளுகின்றனர். அதனை ரப்பர்க் கொட்டைகளைக் கொண்டு விளக்கலாம். ஒரு சாக்கில் எத்தனை கொட்டைகள் உள்ளன என்பது தெரியாது எனக் கொள்வோம். சிவப்புச் சாயம் பூசிய 100 கொட்டைகளை எண்ணிச் சாக்கில் போட்டு நன்றாகக் கலக்குகிறோம். சாக்கைத் தூக்கிச் செல்லும் வழியில் சில சிந்திவிடுகின்றன. பின்னர் கைப்பிடியாக 50 கொட்டைகளை எடுத்துப் பார்க்கையில் 5 சிவப்பாகவும் 45 சாயமின்றியும் உள்ளன. சிவப்பைப் போல் ஒன்பது மடங்கு மற்றவை. எனவே, தொடக்கத்தில் சாக்கில் ஏறக்குறைய 900 கொட்டைகள் இருந்திருக்க வேண்டும். சிந்தியபோது இரு வகையும் ஒரே விகிதத்தில் சிந்தியதால் கணக்குக் கெடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் சிவப்புச் சாயத்திற்குப் பதிலாகக் கனமான அணுக்கள் பயன்படுகின்றன. சாதாரணக் கரிம அணுவைவிடச் சற்றே கனம் மிகுந்த கரிம அணுவைக் கொண்டு செய்த பிஸ்பினால் ஏ, அறிந்த அளவில் மாதிரியுடன் கலக்கப்படுகிறது. இரசாயன முறையில் இரண்டும் ஒன்றே. எடையில் மட்டுமே வேற்றுமை. அவ்வேற்றுமையைக் கருவி கண்டுகொள்கிறது.

இத்துடன் மற்றொரு சோதனையும் உண்டு. மனித மாதிரிக்குப் பதிலாகத் தூய நீரை எடுத்து, அதே குழாய்கள், அதே குடுவைகள், அதே படிகள் வழியாகச் செலுத்துவார்கள். தூய நீரிலும் இரசாயனம் காணப்பட்டால், அது மனிதரிடமிருந்து வந்ததன்று, ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது என்பது தெளிவு. இத்தகைய வெற்று மாதிரிச் சோதனை இல்லாத ஆய்வை எளிதில் நம்புவதற்கில்லை.

உடலின் முத்திரை

இவை போதா எனக் கருதிய அறிவியலார் மேலும் ஒரு வழி கண்டனர். தாலேட் உடலினுள் சென்றதும் உடல் அதனை உடைத்து வேறொரு வடிவிற்கு மாற்றுகிறது. பிஸ்பினால் ஏ கல்லீரலை அடைந்ததும், அங்கு ஒரு வகைச் சர்க்கரை அமிலம் அதனுடன் இணைக்கப்படுகிறது. இவ்வாறு மாறிய வடிவங்கள் பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிவதில்லை, உடலில்தான் உண்டாகின்றன. ஆகவே, மாறிய வடிவத்தை அளந்தால், அது உடலினூடே சென்று வந்த பொருள் என்பதற்கு உடலே முத்திரை குத்தியதாகும்.

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தினர் இம்முறையில் 289 பேரின் சிறுநீரை ஆராய்ந்து, தாலேட்டின் மாறிய வடிவங்கள் மக்களிடையே பரவலாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே நிலையத்தினர் 2003, 2004ஆம் ஆண்டுகளில் திரட்டிய 2,517 பேரின் மாதிரிகளில் 92.6 விழுக்காட்டில் பிஸ்பினால் ஏ இருந்தது. அதன் சராசரி அளவு லிட்டருக்கு 2.6 மைக்ரோகிராம்.

சிறுநீரை அளப்பது எளிது. திசுவை அளப்பது கடினம். திசுவை அறுவைச் சிகிச்சையின் போதோ, பிரசவத்திற்குப் பின்னரோ, இறப்பிற்குப் பின்னரோதான் பெற முடியும். அதில் கொழுப்பு மிகுந்திருப்பதால் தூய்மைப்படுத்துவதும் கடினம். அறுவைக் கருவிகளும் குழாய்களும் பிளாஸ்டிக்கினால் ஆனவையாக இருப்பின் அவற்றிலிருந்தும் இரசாயனம் ஒட்டிக்கொள்ளலாம். இத்தடைகளுக்கிடையிலும் சில ஆய்வுகள் நடந்துள்ளன. 2002ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் 37 தாய்மார்களை ஆராய்ந்தவர்கள், தாயின் ரத்தத்திலும், கருவின் ரத்தத்திலும், நஞ்சுக்கொடியிலும் பிஸ்பினால் ஏ இருப்பதைக் கண்டனர். நஞ்சுக்கொடியில் காணப்பட்ட நடு அளவு கிராமுக்கு 12.7 நானோகிராம். நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2007ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 20 பெண்களின் கொழுப்புத் திசுவை ஆராய்ந்து, 11 பேரிடத்தில் அதனைக் கண்டனர்.

முறை மாறினால் எண்ணும் மாறும் என்பதனையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். சர்க்கரை அமிலத்துடன் இணைந்த பிஸ்பினால் ஏயை நொதியால் பிரித்து அளப்பது வழக்கமான முறை. இணைந்த வடிவத்தையே நேரடியாக அளப்பது புதிய முறை. கருவுற்ற பெண்களின் மாதிரிகளை இரு முறைகளிலும் அளந்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், வழக்கமான முறை உண்மை அளவைப் பன்மடங்கு குறைத்துக் காட்டியிருக்கலாம் என 2019ஆம் ஆண்டில் எழுதினர். அரசுகள் வகுக்கும் பாதுகாப்பு வரம்புகள் இந்த எண்களைச் சார்ந்தே நிற்கின்றன என்பதனை எண்ணிப் பார்த்தால், அளவைப் பிழை வெறும் ஏட்டுப் பிழையன்று என்பது விளங்கும்.

எண்கள் கூறுவதும் கூறாததும்

உடலில் ஓர் இரசாயனம் இருப்பது மெய்ப்பிக்கப்பட்டால், அதனால் நோய் உண்டாகிவிட்டது என்று பொருளில்லை. அதே வேளையில், அளவு சிறிது என்பதால் கேடு இல்லை என்றும் பொருளில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

விலங்குகளிடத்தில் நடந்த ஆய்வுகள் எச்சரிக்கை தருகின்றன. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பட்ரிஷியா ஹன்ட் என்னும் ஆய்வாளரின் எலிகளின் கருமுட்டைகளில் திடீரெனக் குறைபாடுகள் மிகுந்தன. பாலிகார்பனேட் கூண்டுகளும் நீர்ப் போத்தல்களும் தரை கழுவும் கடுமையான சோப்பினால் தவறுதலாகக் கழுவப்பட்டுப் பழுதடைந்து, பிஸ்பினால் ஏ கசிந்ததே காரணம் என ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். மனிதரிடத்தில் இது போன்ற சோதனை செய்ய இயலாது. பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்தே அறிய வேண்டியுள்ளது.

அறிஞர்களிடையே கருத்து வேற்றுமையும் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கில்லாத பிஸ்பினால் ஏயின் அளவு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 4 மைக்ரோகிராம் என 2015ஆம் ஆண்டில் கூறியிருந்தது. 2023ஆம் ஆண்டில் அதனை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. இது இருபதாயிரம் மடங்குக் குறைவாகும். ஜெர்மானிய நாட்டு நிறுவனமோ அதனை ஏற்காது, 200 நானோகிராம் போதுமான பாதுகாப்பு என அதே ஆண்டில் கணித்தது. எண்ணில் வேறுபட்டாலும், பழைய வரம்பு மிக உயர்ந்தது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

குறைக்க முடியும் என்பதற்குச் சான்று

இதுவரை கூறியவற்றைப் படித்து எவரும் மனம் தளர வேண்டியதில்லை. அளவைகள் நம்பிக்கையூட்டும் செய்தியையும் தந்துள்ளன. பிஸ்பினால் ஏயும் தாலேட்டும் உடலில் நெடுநாள் தேங்கி நிற்பவை அல்ல. ஜெர்மனியில் 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், உட்கொண்ட பிஸ்பினால் ஏ ஆறு மணி நேரத்திற்குள் பாதியாகக் குறைந்து, ஒரு நாளைக்குள் சிறுநீரோடு வெளியேறியது. நாள்தோறும் புதிதாக உட்செல்வதனாலேயே நாள்தோறும் அது காணப்படுகிறது. வரும் வழியை அடைத்தால் அளவு விரைவில் இறங்கும்.

இதற்கு மூன்று சான்றுகள் உள்ளன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 75 பேர் ஐந்து நாள்கள் தினம் ஒருமுறை டின்னில் அடைத்த காய்கறி சூப்பை உண்டனர். புதிதாகச் சமைத்த சூப்பை உண்ட நாள்களைவிட அவர்களின் சிறுநீரில் பிஸ்பினால் ஏ பன்னிரண்டு மடங்கிற்கு மேல் உயர்ந்திருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2009ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், ஒரு வாரம் பாலிகார்பனேட் போத்தல்களில் குளிர்ந்த நீர் அருந்திய மாணவர்களிடம் அந்த அளவு ஏறத்தாழ 70 விழுக்காடு கூடியது. மூன்றாவதாக, 2011ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஐந்து குடும்பங்கள் மூன்று நாள்கள் புதிய உணவையே சமைத்து, பிளாஸ்டிக் தவிர்த்த பாத்திரங்களில் வைத்து உண்டன. அவர்களிடம் பிஸ்பினால் ஏ 66 விழுக்காடு குறைந்தது. மிகுதியாகப் பயன்படும் ஒரு தாலேட்டின் அளவும் பாதிக்கு மேல் குறைந்தது.

அரசுகளும் நடவடிக்கை எடுத்துள்ளன. நமது நாட்டில் பிஸ்பினால் ஏ கலந்த குழந்தைப் பாலூட்டும் போத்தல்களுக்கு 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தடை விதிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம், உணவு படும் பொருள்களில் பிஸ்பினால் ஏ பயன்படுத்துவதைத் தடுக்கும் விதியை 2025ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஆனால், அதற்கு மாற்றாகச் சில இடங்களில் சேர்க்கப்படும் பிஸ்பினால் எஸ் போன்றவையும் ஹார்மோன்களில் குறுக்கிடும் தன்மை உடையவை என ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே, ஒரு பெயர் நீங்கிவிட்டது என்பதால் மட்டும் கவனத்தைக் கைவிடலாகாது.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

பெருஞ்செலவின்றி நாம் செய்யக்கூடியவை பல உள்ளன.

கொதிக்கும் குழம்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஊற்றி வைக்க வேண்டாம். எவர்சில்வர், பீங்கான், கண்ணாடிப் பாத்திரங்களே சிறந்தவை. கடையில் தேநீரைக் கட்டித் தரும் பைகள் பெரும்பாலும் தாலேட் தேவைப்படாத வகைப் பிளாஸ்டிக்கினால் ஆனவை. எனினும், சூடான பானத்திற்கு நம் எவர்சில்வர் தூக்குச் சட்டியைக் கொண்டு செல்வது எவ்வகையிலும் மேலானது.

பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்தினுள் காணப்படும் எண்ணைக் கவனியுங்கள். 3 என்பது பிவிசியைக் குறிக்கும். 7 என்பது பாலிகார்பனேட் உட்பட்ட பிற வகைகளைக் குறிக்கும். இவற்றில் சூடான உணவை வைப்பதைத் தவிர்க்கலாம். கீறல் விழுந்து மங்கிப்போன பழைய பிளாஸ்டிக் பாத்திரங்களையும், போத்தல்களையும் உணவிற்குப் பயன்படுத்த வேண்டாம்.

டின் உணவை அவசரத்திற்கு வைத்துக்கொண்டு, இயன்ற நாள்களில் புதிய மீனையும், வீட்டுப் புறத்தில் பயிரிட்ட கீரை காய்கறிகளையும் சமைத்து உண்ணுங்கள். கருவுற்ற தாய்மார்கள் இதில் தனிக் கவனம் செலுத்துவது நன்று. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதை இச்செய்திகளுக்கு அஞ்சி நிறுத்தவே கூடாது. தாய்ப்பாலின் நன்மை மிகப் பெரிது. மேலும், தாய்ப்பாலுக்குப் போத்தலே வேண்டியதில்லை. அது போன்றே, உயிர் காக்க ரத்தம் ஏற்ற வேண்டுமென்று மருத்துவர் கூறினால், பையின் பிளாஸ்டிக்கை நினைத்துத் தயங்கலாகாது.

பிறிதொன்றையும் இங்கு வலியுறுத்திக் கூற விரும்புகிறோம். களைக்கொல்லியும் பாலை உறையவைக்கும் அமிலமும் வந்த பிளாஸ்டிக் கலன்களைக் கழுவிவிட்டோம் என எண்ணிக் குடிநீர் பிடித்து வைக்கக் கூடாது. இதுவரை பேசிய இரசாயனங்கள் மெல்ல மெல்லத் தீமை செய்யக்கூடியவை. அந்தக் கலன்களில் எஞ்சியிருப்பதோ உடனடியாக உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

இனி, உடலில் பிளாஸ்டிக் இரசாயனம் இருப்பதாக ஒரு செய்தி வருமாயின், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எத்தனை பேரிடம் அளந்தார்கள்? வெற்று மாதிரியைச் சோதித்தார்களா? உடலில் மாறிய வடிவத்தை அளந்தார்களா? காணப்பட்ட அளவு யாது? ஸ்டோரில் பால் நிறுக்கும்போது நாம் எத்துணைக் கவனத்துடன் அளவுகோலை நோக்குகிறோமோ, அத்துணைக் கவனத்துடன் இச்செய்திகளையும் நோக்குவோமாக. அவ்வாறு நோக்கினால், வீண் அச்சத்திற்கும் வீண் அலட்சியத்திற்கும் இடமிராது. நம் பிள்ளைகளின் நலனுக்கு வேண்டியதை உரிய வேளையில் செய்யும் தெளிவும் நமக்குக் கிட்டும்.